ஒரு முகப்பைப் பார்ப்பது எப்படி?

புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீடுகளில் கீழ்த்தளம் படுத்துக் கிடக்கும். மேல்தளம் நிமிர்ந்து நிற்கும். தெருவோரம் நீளும் திண்ணை, அதற்கு மேல் சரிந்து இறங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்து ஓட்டின் விளிம்பு என்று கீழே எல்லாமே கிடைக்கோடுகள். ஒரு வீட்டில் தொடங்கும் கோடு பக்கத்து வீட்டிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் தொடர்ந்து தெருக்கோடி நோக்கி ஓடும். தலையை நிமிர்த்தினால் வேறு கதை. உயரமான வளைவு ஜன்னல்கள், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், உச்சியில் அலங்காரக் கைப்பிடிச்சுவர். கிடைக்கோடு கண்ணை நடக்கவைக்கிறது. செங்குத்துக் கோடு கண்ணை நிறுத்துகிறது. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது சரித்திரம். கண்ணுக்கு அது கோடுகள் திசை மாறும் இடம்.

மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் இந்தத் தெருவுக்குப் பலகையில் எழுதிய பெயர் கால்வே சுப்புராயச் செட்டியார் வீதி. முகப்புகளைச் சீர்செய்து பழைய அமைதியைத் திரும்பக் கொண்டுவந்ததற்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது. ஊர் சுற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருவதில்லை. ஊரைத் தமிழ்ப் பகுதி, பிரெஞ்சுப் பகுதி என்று பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவர்களோடு அவர்கள் பயணம் முடிந்துவிடுகிறது.

ஓவியம் பயில வருகிறவர்களுக்கு முதல் ஆண்டில் சொல்லித்தரும் அடிப்படைச் சொற்கள் கொஞ்சம்தான். கோடு, வடிவம், திரட்சி, நிறம், ஒளியும் நிழலும், பரப்பு, வெளி. இவை ஒன்றோடொன்று சேரும் விதத்துக்குச் சமநிலை, தாளம், அழுத்தம், விகிதம் என்று இன்னும் சில. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகிற பட்டியல் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சொற்கள் கைவசம் இல்லாதவர் ஒரு முகப்பின் முன் அரை நிமிடம் நிற்பார், சூப்பர் என்பார், நகர்ந்துவிடுவார். கோடு எங்கே போகிறது, எங்கே தடைபடுகிறது என்று கேட்கத் தெரிந்தவருக்குக் கால் மணி நேரம் போதாது. இந்தப் பழக்கத்துக்குப் புதுச்சேரியைப் போல வாய்ப்பான ஊர் நம் பக்கத்தில் வேறில்லை என்பது என் கட்சி. இரண்டு கட்டட மரபுகள் ஒரு வாய்க்காலின் இரு கரையில் எதிரெதிரே நிற்கின்றன. சில இடங்களில் ஒரே சுவரில் ஒன்றின் தோளில் மற்றொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேற்றுமை பக்கத்திலேயே இருந்தால் கண் சீக்கிரம் பழகும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் என்று அவரைத் தெரியும். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள்; மேல்தளத்தில் பருத்த வெண்சுதைத் தூண்கள். கட்டட விதி என்னவோ இதற்கு நேர்மாறானது. கனமானது கீழே, மெலிந்தது மேலே இருக்கவேண்டும். அந்த விதியை மிஷன் வீதியிலேயே பார்க்கலாம்: 1791-இல் கட்டி முடித்த அமலோற்பவ அன்னை பேராலயம், ஊர்க்காரர்கள் வாயில் சம்பா கோவில். அதன் முகப்பில் கீழ் வரிசை இரட்டைத் தூண்கள் டோரிக் வகை, அலங்காரம் குறைந்த உறுதியான உடல். மேல் வரிசை அயோனிக், தலையில் சுருள் வைத்த மென்மையான உடல். கனம் படிப்படியாகக் குறைந்து மேலே போகிறது. பிள்ளையின் வீட்டில் இந்த ஒழுங்கு தலைகீழ். ஆனாலும் மேல்தளம் அமுக்குவதுபோல் தெரிவதில்லை. காரணம் நிறம். கரிய மரத்துக்குக் கண்ணில் எடை அதிகம், வெள்ளைச் சுதைக்கு எடை குறைவு. மெலிந்த கறுப்புத் தூணும் பருத்த வெள்ளைத் தூணும் பார்வைத் தராசில் சமமாகிவிடுகின்றன. சமநிலை என்று பாடத்தில் படிப்பது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதாகத்தான் பலருக்கும் நினைவு. ஒன்றுபோல் இல்லாத இரண்டு சமமாவதில்தான் சுவை.

திரும்பவும் வைசியாள் வீதி. அங்கே மேல்தளத்து அரைத்தூண் சுவரிலிருந்து நாலு விரல் அளவு வெளியே வந்திருந்தால் அதிகம். கூரை விளிம்புக்குக் கீழே ஓடும் சுதைப் பட்டைகள் இன்னும் மெல்லியவை. உச்சி வெயிலில் பார்த்தால் எல்லாம் தட்டையாகி, காகிதத்தில் வரைந்ததுபோல் ஆகிவிடும். அந்த நாலு விரலுக்கு உயிர் வருவது சாய்வெயிலில். கிழக்கே கடல், சூரியன் தடையில்லாமல் எழுந்து, கிழக்கு மேற்கான தெருக்களுக்குள் நெடுக வெளிச்சத்தைச் செலுத்துகிறது. வெளிச்சம் சுவரை முட்டாமல் உரசிக்கொண்டு போகும். அப்போது ஒவ்வொரு பட்டைக்கும் அதன் அகலத்தைப் போலப் பல மடங்கு நிழல் விழுகிறது. கொத்தனார் வைத்தது மெல்லிய சுதை. நம் கண்ணுக்குக் கிடைப்பது ஆழம். ஓவியர்கள் பென்சிலைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவரும் திரட்சியை இங்கே காலை வெயில் சம்பளமில்லாமல் செய்கிறது.

இதிலும் பருவம் உண்டு. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் வடசிறகு வீடுகளின் தெற்கு நோக்கிய முகப்புகளில் வெயில் உரசும். ஆனி, ஆடியில் தென்சிறகுக்கு அதிர்ஷ்டம். சுண்ணாம்புச் சாந்தை விரல் நுனியால் வளைத்து அந்தப் பட்டைகளை இழுத்த கொத்தனார்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்குமா? பட்டையின் அடிப்பக்கத்தை உள்வாங்கி வெட்டி நிழலுக்கு இடம் விட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் தெரிந்தேதான் செய்திருக்கவேண்டும் என்று சொல்வேன்.

தாழ்வாரத்தின் நிழல் வேறு வகை. மேல்தளத்து நிழல்கள் கூர்மையான கோடுகள். கீழே தாழ்வாரத்துக்குள் இருப்பது இருட்டின் ஒரு நீண்ட பட்டை. அந்த இருட்டின் முன்னால் மரத்தூண்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் நிற்கும். அதற்கும் பின்னால் கதவு, அதன் நிலை, நிலையில் மஞ்சள் குங்குமம். தெருவில் நிற்கிறவருக்கும் கதவுக்கும் நடுவே மூன்று நான்கு அடுக்கு வெளி. யாருடையது என்று முழுதாகச் சொல்லமுடியாத இடம் அது. தெருவும் வீடும் பாதிப்பாதி. வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனால் வெளியின் இலக்கணமே வேறு. ரோமன் ரோலான் வீதியிலோ துய்மா வீதியிலோ வீடு தெருவுக்குத் தன் மதில் முதுகைக் காட்டும். நீண்ட சுவர், நடுவில் வளைவு வைத்த பெரிய வாயில், அவ்வளவுதான். தூண் வரிசையும் தோட்டமும் உள்ளே. அங்கே வெளி கூட்டுக்குள் இருக்கிறது. இங்கே வாசலில் இருக்கிறது. நூல் பிடித்ததுபோன்ற நேர் தெருக்கள் மட்டும் இரண்டு பகுதிக்கும் பொது. அந்தக் கட்டங்களுக்குத் திட்டம் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள்.

வெளி என்பதைக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் நான் மதிலையும் திண்ணையையும் காட்டமாட்டேன், வாசலில் போட்ட சிக்குக் கோலத்தைக் காட்டுவேன். புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைந்து போகும் ஒற்றைக் கோடு. மாவு விழுந்த இடம் கொஞ்சம், விழாத இடம் அதிகம். ஆனால் கண்ணில் பூவாகவும் கண்ணாகவும் தெரிவது மாவு விழாத இடம்தான். காலி இடத்துக்கும் வடிவம் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

இப்போது அந்த மஞ்சளுக்கு வருவோம். வெள்ளை நகரம் எனப்படும் அந்தக் கிழக்குப் பகுதியின் கடுகு மஞ்சள் சுவர், அதன்மேல் வழியும் காகிதப்பூ, முன்னால் சாய்ந்து நிற்கும் சைக்கிள். இந்தப் படம் எத்தனை லட்சம் போன்களில் இருக்கிறதோ. நிறத்தைப் பற்றி அலுத்துக்கொள்வதற்கு முன்னால் அதில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நியாயம். பாரிசில் கோப்லென் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரேல் என்ற வேதியியல் அறிஞரிடம் ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று. சோதித்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் கறுப்பை மங்கச் செய்திருந்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும் என்று கண்டு 1839-இல் அவர் புத்தகமே எழுதினார். பின்வந்த பிரெஞ்சு ஓவியர்கள் அதை விடாமல் படித்தார்கள். மஞ்சளுக்கு எதிர் ஊதா. ஆகவே மஞ்சள் சுவரின்மேல் இளஞ்சிவப்புக் காகிதப்பூ தன் இயல்பைவிடக் கொஞ்சம் ஊதாவாகத் தெரியும். சாயங்காலம் அந்தச் சுவரில் விழும் இலை நிழலைக் கவனியுங்கள், அதுவும் ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். போன் காமிரா நிறத்தை ஏற்றிக் காட்டுவதால் முதலில் காணாமல் போவது இந்த நிழல்தான். எடுத்த படத்தில் சுவர் இருக்கும், சுவரின் நயம் இருக்காது.

அந்த மஞ்சள் தாங்கி நிற்பது வெள்ளைப் பட்டைகளால். ஜன்னலைச் சுற்றி, மூலைகளில், கூரை விளிம்பில் ஓடும் வெள்ளையை எடுத்துவிட்டால் மஞ்சள் கரைந்து ஒரு பெரிய திட்டாகிவிடும். இந்த வெள்ளையை யாரும் படம் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். பக்கத்துத் தெருக்களில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள் சாம்பல் நிறத்தில், அதே வெள்ளை விளிம்போடு நிற்கின்றன. நாலு மஞ்சள் வீட்டைக் கடந்து ஒரு சாம்பல் வீட்டைப் பார்த்தால் அது இலேசான நீலம்போல் தோன்றும். செவ்ரேல் சொன்னது இதுவும்தான். தெருமுனையில் நீல எனாமல் பலகையில் வெள்ளை எழுத்தாகப் பிரெஞ்சிலும் தமிழிலும் வீதிப் பெயர். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றால் போதும், கண் வேறெங்கும் போகாது. அவர் தலையில் இருக்கும் சிவப்பு கெப்பி தெருவின் மொத்தப் பரப்பில் ஒரு துளி. அழுத்தம் என்று பாடத்தில் சொல்வதற்கு உருவம் கொடுத்தால் அந்தத் தொப்பி. சிவப்பு அதிகமாக இருந்திருந்தால் அந்த வேலை நடக்காது.

நிறமே இல்லாமல் ஒரு கட்டடம் சுவைக்குமா என்பவர்களுக்குக் கோல்கொண்டா. ஆசிரமத்தின் தங்கும் இல்லம். அனுமதியில்லாமல் உள்ளே போகமுடியாது. செக் நாட்டில் பிறந்து, தோக்கியோவில் தொழில் நடத்திய அந்தோனின் ரேமண்ட் இதை வடிவமைத்தார். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்த பிரான்சுவா சாமரும், பின்னால் மரவேலைக்கு உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார்கள். ஆசிரமத்தில் நகாஷிமாவுக்குச் சுந்தரானந்தா என்று பெயர். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த நிதியில் எழுந்ததால் கோல்கொண்டா என்று வைத்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் இந்தியாவில் இப்படிப்பட்ட பூச்சில்லாத கான்கிரீட் கட்டடம் புதிது.

அதன் வடக்கு, தெற்கு முகங்களில் ஜன்னலே கிடையாது. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய கிடைப்பலகைகள், நூற்றுக்கணக்கில், ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில். ஒன்றையே திரும்பத் திரும்ப வைத்தால் தாளம் வரும் என்பார்கள். திரும்பத் திரும்ப மட்டும் வைத்தால் சலிப்புத்தான் வரும். இங்கே சலிப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் தத்தம் தேவைக்குப் பலகைகளைத் திறந்தும் சாய்த்தும் வைத்திருப்பதால் ஒரு பகுதி வெளுத்தும் அடுத்த பகுதி கறுத்தும் தெரிகிறது. கணக்கு மாறாத தாளத்தில் காலையும் மாலையும் வேறு வேறு கோர்வை. முகப்பை வரைந்தவர் ரேமண்ட். தினமும் முடித்துவைப்பவர்கள் அதில் வசிப்பவர்கள். கூரையில் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள், சூடு இறங்காமலிருக்க. அந்த வளைவுகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் முகப்பு வெறும் கோடுகளாக நின்றிருக்கும் என்பது புரியும்.

பரப்பைப் பற்றிப் பேச மனம் கொஞ்சம் கனக்கிறது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். அளவும் வடிவமும் தூண்களின் தாளமும் திரும்பக் கிடைத்திருக்கின்றன. குறை சொல்ல எனக்கு மனமில்லை, வெற்றிடத்தைவிட இது எவ்வளவோ மேல். திரும்ப வராதது தோல். கடற்காற்றும் உப்பும் நூற்றைம்பது மழைக்காலமும் சேர்ந்து சுண்ணாம்புப் பூச்சின் விளிம்புகளை மழுக்கியிருந்தன. அந்த மழுங்கிய விளிம்பில் நிழல் மெதுவாக மங்கும். புதிய விளிம்பில் நிழல் கத்தியால் நறுக்கியதுபோல் முடிகிறது. பழையதும் புதியதும் ஒரே வரைபடம், ஆனால் விரலுக்கும் கண்ணுக்கும் வேறு கட்டடம். பரப்பு என்ற சொல் கையில் இல்லாதவர் ஏதோ குறைகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

சின்ன இடத்தை உற்றுப் பார்த்தவர்களில் இந்த ஊர் மறக்கக்கூடாத ஒருவர் உண்டு. காப்ரியேல் ழூவோ துப்ரேல், புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர். தென்னிந்தியக் கோயில்களின் காலத்தைக் கணிக்கக் கல்வெட்டையே நம்பியிருந்த நாளில் அவர் போதிகையைப் பார்த்தார். தூணின் தலைக்கும் அது தாங்கும் உத்தரத்துக்கும் நடுவில் கை நீட்டியதுபோல் இருக்கும் சிறு கல். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். பல்லவர் போதிகை வளைந்த முகத்தில் அலையலையாக மடிப்புகளும் நடுவில் ஒரு பட்டையும் கொண்டது. சோழர் காலத்தில் மடிப்புகள் மறைந்து முகம் சாய்வாக வெட்டப்படுகிறது, பிறகு நடுவில் ஒரு முனை நீள்கிறது. விஜயநகரக் காலத்தில் அந்த முனை கீழே வளைந்து பூமொட்டாகத் தொங்குகிறது. நாயக்கர் காலத்துக்கு வரும்போது முழு வாழைப்பூ. ஒரே கல்லின் வெளிவரை மாறுவதை வைத்து எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளை அவர் வரிசைப்படுத்திவிட்டார். கூடு என்கிற குதிரைலாட வளைவிலும் இதே கதை. பல்லவருக்கு உச்சியில் மண்வெட்டி போன்ற தட்டை முனை, சோழருக்குச் சிம்ம முகம். ஸ்தபதிகளிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய அந்த நூல் 1914-இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியத்தை 1931-இல் கண்டவரும் அவரே.

அவர் தேடியது அழகையா காலத்தையா என்று யாராவது கேட்கலாம். காலத்தைத்தான். ஆனால் மொட்டு எப்படிக் குனிகிறது, மடிப்பு எங்கே தேய்கிறது என்று அத்தனை போதிகைகளை வரைந்து வைத்த மனிதர் அதில் ருசி காணாமல் இருந்திருப்பார் என்று என்னால் நம்பமுடியவில்லை. புனித லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. அதன் புகைப்படச் சேகரத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் முழுக் கோபுரத்தைக் காட்டும் படங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தூணின் தலையை, ஒரு கூட்டின் உச்சியை மட்டும் காட்டும் படங்களும் இருக்கின்றன. ழூவோ துப்ரேல் பழக்கிவிட்ட கண்.

பல வீதிகளில் தாழ்வாரம் போய் ஷட்டர் வந்துவிட்டது. மரத்தூண்கள் பழைய சாமான் கடைகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் போகின்றன. தனியாக நிற்கும் தூண் அழகான மரம்தான். அதற்குப் பின்னால் இருந்த இருட்டுப் பட்டையும் பக்கத்தில் நின்ற மற்ற தூண்களும் இல்லாமல் அது முகப்பாகாது. அதனால் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடவேண்டாம். வைசியாள் வீதிக்குக் காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். எட்டரைக்குமேல் வண்டிகள் வந்து திண்ணையை மறைத்துவிடும். மார்கழி, தை என்றால் தென்சிறகில் நின்று வடசிறகைப் பாருங்கள். ஆனி, ஆடி என்றால் வடசிறகில் நில்லுங்கள். போனைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து மேலாகப் பாருங்கள்.